இன்ஸ்டெட்: ‘பதிலாக’ என்பதை ஆங்கிலத்தில் தலைகீழாகாமல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஏற்றுமதி இறக்குமதி அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்த இரண்டாவது மாதம் மேலாளர் என்னிடம் சொன்னார்: “மணலிக்குப் பதிலா மாதவரத்துக்கு அனுப்பச் சொல்லி மெயில் போடுப்பா.” நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தேன். “ப்ளீஸ் சென்ட் தி கன்டெய்னர் டு மணலி இன்ஸ்டெட் ஆஃப் மாதவரம்.” முதலில் மணலி, நடுவில் பதிலாக, கடைசியில் மாதவரம். தமிழில் காதில் விழுந்த அதே வரிசை.

இலக்கணப் பிழை இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. கன்டெய்னர் மட்டும் மணலி யார்டில் போய் நின்றது. ட்ரெய்லரைத் திருப்பிக் கொண்டுவர ஒரு நாள் போனது, வாடகை கூடியது. என் வாக்கியம் நான் நினைத்ததற்கு நேர் எதிரான பொருளைச் சொல்லியிருக்கிறது என்று எனக்குப் புரியவே அன்று சாயங்காலம் ஆகிவிட்டது.

இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகள், யார்டில் வேலை செய்யும் தம்பிகள், மருந்துக் கடையில் நிற்கும் தங்கைகள் என்று பலரும் வருகிறார்கள். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு பேராவது என்னுடைய அதே மெயிலை எழுதுகிறார்கள். அதனால்தான் இந்த ஒரே ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள், காதில் ஏறட்டும்.

படி 1: சொல்லுக்குள் இருக்கும் ‘இடம்’

இன்ஸ்டெட் என்பது முதலில் இரண்டு சொற்கள்: ‘இன்’, ‘ஸ்டெட்’. ஸ்டெட் என்றால் பழைய ஆங்கிலத்தில் இடம். வீடும் நிலமும் சேர்ந்த இடம் ஹோம்ஸ்டெட். கட்டில் சட்டம் பெட்ஸ்டெட். ஓர் இடத்தில் அசையாமல் நிற்பது ஸ்டெடி. நிற்பதைக் குறிக்கும் ஸ்டாண்ட் என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான். நம்மிடம் நில் என்பதிலிருந்து நிலை வந்ததுபோல.

ஆக, இன்ஸ்டெட் என்றால் ‘இடத்தில்’. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நாமும் “அவர் இடத்துல நான் போறேன்” என்று சொல்கிறோம் அல்லவா? அதைத்தான் ஆங்கிலக்காரன் ஒரே சொல்லாக ஒட்டி வைத்திருக்கிறான்.

நம்முடைய ‘பதில்’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. அரபியில் மாற்று என்று பொருள்படும் பதல் என்ற சொல், உருது வழியாக நம்மிடம் வந்தது. கேள்விக்குத் திருப்பித் தருவதும் பதில், ஒன்றின் இடத்தில் வைப்பதும் பதில். ஆங்கிலத்தில் இந்த இரண்டும் தனித்தனிச் சொற்கள். கேள்விக்கு ஆன்ஸர், இடத்துக்கு இன்ஸ்டெட். அகராதியில் ‘பதில்’ என்று தேடி முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடாதீர்கள்.

இடம் என்று பிடித்துக்கொண்டால் இன்னொரு விஷயமும் தானாக விளங்கும். ஒருவர் உட்கார இருந்த இடம் என்று ஒன்று இருந்தால்தானே இன்னொருவர் அதில் உட்கார முடியும்? இன்ஸ்டெட் வரும் வாக்கியத்தில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள்: வந்திருக்க வேண்டியவர், வந்தவர். முதல் ஆள் வர வாய்ப்பே இல்லாத இடத்தில் இந்தச் சொல் நிற்காது.

நம் ஊர்ச் சான்று ஒன்று சொல்கிறேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது, வாலாஜா ரோடு வரை ஓடியது. இதைச் சொல்ல ஒரு மாணவர் “தி ட்ரெயின் லெஃப்ட் ஃப்ரம் ராயபுரம் இன்ஸ்டெட் ஆஃப் சென்ட்ரல்” என்று எழுதினார். பெருமையோடு எழுதிய வாக்கியம், ஆனால் இங்கே இன்ஸ்டெட் பொருந்தாது. சென்ட்ரல் நிலையம் 1873-இல்தான் வந்தது. இல்லாத நிலையத்தை யாரும் விட்டுவிட்டு வர முடியாது. இங்கே “ஃப்ரம் ராயபுரம், நாட் சென்ட்ரல்” என்றால் போதும். இன்று சென்ட்ரலில் ஏற வேண்டிய ரயில் ஏதாவது ஒரு காரணத்தால் ராயபுரத்திலிருந்து கிளம்பினால், அப்போது இன்ஸ்டெட் சரியாகப் பொருந்தும்.

படி 2: போனது எது, வந்தது எது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தமிழில் “டீக்குப் பதில் காபி” என்கிறோம். இதில் போனது டீ, வந்தது காபி. எப்படித் தெரிகிறது? ‘க்கு’ எதில் ஒட்டியிருக்கிறதோ அது போய்விட்டது. தமிழில் அந்த ஒட்டு சொல்லின் பின்னால் வரும், பதில் என்ற சொல் அதற்கும் பின்னால் வரும்.

ஆங்கிலத்தில் ஒட்டு முன்னால் வரும். “இன்ஸ்டெட் ஆஃப் டீ” என்றால் டீ போய்விட்டது. அதாவது தமிழின் ‘டீக்குப் பதில்’ என்ற முழுத் துண்டும் ஆங்கிலத்தில் ‘இன்ஸ்டெட் ஆஃப் டீ’ என்று உள்ளுக்குள்ளேயே திரும்பி நிற்கிறது. இந்தத் துண்டைத் திருப்பாமல், டீயை முன்னால் விட்டு, பதிலை நடுவில் போட்டு, காபியைக் கடைசியில் எழுதினால் “டீ இன்ஸ்டெட் ஆஃப் காபி” என்று வரும். அதற்குப் பொருள் காபி போய் டீ வந்தது. நான் மணலியில் செய்தது இதுதான்.

வகுப்பில் நான் சொல்லித்தரும் நினைவுக்குறிப்பு இது. ஃபேனை ஆஃப் பண்ணு, லைட்டை ஆஃப் பண்ணு என்று சொல்கிறோம் இல்லையா? இன்ஸ்டெட் ஆஃப் என்பதில் ஆஃப்-க்குப் பின்னால் நிற்பது ஆஃப் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சில் இருக்கும் ஆஃப் வேறு, அதில் கடைசி எழுத்து இரண்டு முறை வரும்; இந்த ஆஃப்-இல் ஒரு முறைதான். உச்சரிப்பும் இது ‘ஆவ்’ போல மெலிந்து ஒலிக்கும். எழுதும்போது அந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். நினைவில் வைக்க மட்டும் ஒலி உதவும்.

சில உதாரணங்கள்:

“ஐ டுக் தி மெட்ரோ இன்ஸ்டெட் ஆஃப் தி பஸ்.” பஸ் ஆஃப். மெட்ரோவில் வந்தேன். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபிறகு எங்கள் பக்கம் தினமும் உண்மையாகிவிட்ட வாக்கியம் இது.

“பீப்பிள் ரைட் சென்னை இன்ஸ்டெட் ஆஃப் மெட்ராஸ்.” மெட்ராஸ் ஆஃப். 1996-க்குப் பிறகு சென்னை என்று எழுதுகிறார்கள்.

“ஷீ பாட் சங்கரா இன்ஸ்டெட் ஆஃப் வஞ்சிரம்.” வஞ்சிரம் ஆஃப். காசிமேட்டில் அன்று வஞ்சிரம் விலை ஏறியிருக்கும், சங்கராவை வாங்கிக்கொண்டு வந்திருப்பாள்.

இப்போது புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு பத்திரமான வழி. ‘இன்ஸ்டெட் ஆஃப்’ துண்டை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். “இன்ஸ்டெட் ஆஃப் மணலி, ப்ளீஸ் சென்ட் இட் டு மாதவரம்.” பாருங்கள், மணலி முதலில், மாதவரம் அடுத்து. தமிழில் நினைத்த வரிசை அப்படியே நிற்கிறது, பொருளும் மாறவில்லை. கை பழகும் வரை மூன்று மாதம் இப்படியே எழுதுங்கள் என்று என் பிள்ளைகளிடம் சொல்வேன். துண்டு முடிந்ததும் ஒரு காற்புள்ளி, அவ்வளவுதான் கூடுதல் வேலை.

வேலையிடத்து மெயிலில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். வண்டி, பணம், மருந்து, தேதி இந்த நான்கில் ஏதாவது ஒன்று சம்பந்தப்பட்டிருந்தால் நான் இன்ஸ்டெட்டை மட்டும் நம்ப மாட்டேன். “ப்ளீஸ் சென்ட் இட் டு மாதவரம், நாட் டு மணலி” என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதிவிடுவேன். படிப்பவரும் நம்மைப் போலத் தமிழில் யோசிப்பவராக இருக்கலாம், அவர் தலைக்குள் வரிசை புரளலாம். அழகான வாக்கியத்தைவிட சரியான யார்டில் நிற்கும் வண்டி முக்கியம்.

படி 3: ஆஃப்-க்குப் பின்னால் வினை வந்தால்

பெயர்ச்சொல் வரும்போது சிக்கல் இல்லை. டீ, பஸ், வஞ்சிரம் என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம். வினை வரும்போதுதான் தடுமாறுகிறோம். “போவதற்குப் பதில்” என்பதை “இன்ஸ்டெட் ஆஃப் கோ” என்றும் “இன்ஸ்டெட் ஆஃப் டு கோ” என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் தவறு. “இன்ஸ்டெட் ஆஃப் கோயிங்” என்பதே சரி.

ஏன் இங்? தமிழிலேயே விடை இருக்கிறது. ‘போ’ என்ற வினையில் நேராக ‘க்கு’ ஒட்ட முடியுமா? முடியாது. முதலில் அதைப் ‘போவது’ என்று பெயர் ஆக்குகிறோம், பிறகு ‘போவதற்கு’ என்று ஒட்டுகிறோம். ஆங்கிலத்திலும் அதே வேலைதான் நடக்கிறது. கோ என்ற வினையைக் கோயிங் என்று பெயராக்கினால்தான் ஆஃப் அதை ஏற்கும். நம்முடைய ‘வது’ அவர்களுடைய ‘இங்’. இதை ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளைகள் பிறகு தவறு செய்வதே இல்லை.

காலம் மாறினாலும் இங் மாறாது. “நேற்றுப் போனதற்குப் பதில் இன்று போயிருக்கலாம்” என்று தமிழில் ‘போனது’ என்று இறந்தகாலம் வருகிறது. ஆங்கிலத்தில் “இன்ஸ்டெட் ஆஃப் கோயிங் எஸ்டர்டே, யூ குட் ஹேவ் கான் டுடே.” கோயிங்தான், வென்ட் வராது.

ஆள் மாறும்போது மட்டும் கவனம் வேண்டும். “நான் போவதற்குப் பதில் என் தம்பி போனான்.” இதை “இன்ஸ்டெட் ஆஃப் ஐ கோ, மை ப்ரதர் வென்ட்” என்று எழுதாதீர்கள். ஆஃப்-க்குப் பின்னால் முழு வாக்கியம் உட்காராது. அந்த வினையையே விட்டுவிடுங்கள், ஆளை மட்டும் வையுங்கள்: “மை ப்ரதர் வென்ட் இன்ஸ்டெட் ஆஃப் மீ.” ஐ இல்லை, மீ. அதுபோலவே ஹிம், ஹெர், அஸ், தெம். ஆஃப்-க்குப் பின்னால் நிற்பவர் இடத்தை விட்டவர், வேலையைச் செய்தவர் இல்லை; அதனால் எழுவாய் வடிவம் அவருக்குக் கிடையாது.

பண்புச் சொல்லும் வரலாம். “தி ஃபீவர் காட் வர்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் பெட்டர்.” காய்ச்சல் குறைவதற்குப் பதில் கூடிவிட்டது. டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டி வந்தால் இந்த ஒரு வாக்கியம் கைகொடுக்கும்.

படி 4: ஆஃப் இல்லாத தனி இன்ஸ்டெட்

கடையில் டீ தீர்ந்துவிட்டது. “சரி, காபி குடுங்க” என்கிறோம். ஆங்கிலத்தில் “ஓகே, ஐ வில் ஹேவ் காபி இன்ஸ்டெட்.” இங்கே ஆஃப் இல்லை, டீயும் இல்லை. போனது எது என்று இருவருக்கும் ஏற்கனவே தெரியும் என்பதால் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். தனியாக நிற்கும் இன்ஸ்டெட்டுக்குத் தமிழில் சரியான இணை ‘அதுக்குப் பதிலா’ என்பதுதான். ‘அது’ என்பது முந்தைய பேச்சில் இருக்கிறது.

நம்மவர்கள் அந்த ‘அது’வையும் விடாமல் “இன்ஸ்டெட் ஆஃப் தட் ஐ வில் ஹேவ் காபி” என்பார்கள். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லா இடத்திலும் போட்டால் கனக்கும். தட்-டை இறக்கி வைத்தால் போதும்.

இடம் இரண்டு. பேச்சில் பெரும்பாலும் கடைசியில் வரும்: “லெட்ஸ் மீட் ஆன் சண்டே இன்ஸ்டெட்.” எழுத்தில் தொடக்கத்திலும் வரும், அப்போது பின்னால் காற்புள்ளி: “ஹி டிட் நாட் டேக் தி பஸ். இன்ஸ்டெட், ஹி வாக்ட் டு மின்ட்.” (மின்ட் எங்கள் பக்கத்தில் உள்ள ஓர் இடம்.) முதல் வாக்கியத்தில் நாட், அப்புறம் முற்றுப்புள்ளி, அப்புறம் இன்ஸ்டெட். இந்த இரட்டை வாக்கிய அமைப்பை நான் மிகவும் விரும்புகிறேன். நடக்காதது எது, நடந்தது எது என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துவிடுவதால் யாருக்கும் குழப்பம் வராது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாக்கி இரண்டு வாக்கியத்தையும் ஒட்டிவிடாதீர்கள். ‘பட்’ என்பதைப் போல இன்ஸ்டெட் இரண்டு வாக்கியத்தைக் கட்டும் கயிறு இல்லை. கட்டியே ஆக வேண்டும் என்றால் பட்-டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: “ஹி டிட் நாட் டேக் தி பஸ், பட் வாக்ட் இன்ஸ்டெட்.”

படி 5: ‘ஆமல்’ என்னும் வழுக்குப் பாறை

இதுவரை ‘பதில்’ என்ற சொல் வந்த வாக்கியங்களையே பார்த்தோம். உண்மையில் நாம் வீட்டில் பேசும்போது பதில் என்ற சொல்லை எத்தனை தடவை சொல்கிறோம்? “பஸ்ல போவாம நடந்தே போயிட்டேன்.” “படிக்காம கேரம் ஆடிக்கிட்டு இருக்கான்.” “இட்லிய வுட்டுட்டு அத்தோ துன்னுட்டு வந்துட்டான்.” (அத்தோ என்பது பர்மா நூடுல்ஸ்.) இப்படித்தான் பேசுகிறோம். பதில் என்ற சொல்லே இல்லாமல் அந்தப் பொருள் வந்துவிடுகிறது. ‘வுட்டுட்டு’ என்பது எவ்வளவு துல்லியமான சொல் பாருங்கள், ஒன்றைக் கைவிட்டு இன்னொன்றை எடுத்தான் என்பதைக் கண்முன் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இவை எல்லாமே இன்ஸ்டெட் ஆஃப்தான்.

ஆனால் ‘ஆமல்’ எப்போதும் இன்ஸ்டெட் ஆகாது. இங்கேதான் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களே வழுக்குகிறார்கள்.

“செருப்புப் போடாமல் நடந்தான்.” “பஸ்ஸில் ஏறாமல் நடந்தான்.” தமிழில் இரண்டும் ஒரே அச்சு. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. முதலாவது “ஹி வாக்ட் விதவுட் வேரிங் ஸ்லிப்பர்ஸ்.” இரண்டாவது “ஹி வாக்ட் இன்ஸ்டெட் ஆஃப் டேக்கிங் தி பஸ்.” நடப்பது பஸ்ஸின் இடத்தைப் பிடித்தது. செருப்பின் இடத்தை நடை பிடிக்கவில்லை, செருப்பு வெறுமனே இல்லாமல் போனது. இல்லாமல் போனதற்கு விதவுட், இடத்தைப் பிடித்ததற்கு இன்ஸ்டெட் ஆஃப்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ‘ஆமல்’ என்பதை எடுத்துவிட்டு ‘வதற்குப் பதிலா’ என்று வைத்துத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். “பஸ்ஸில் ஏறுவதற்குப் பதிலா நடந்தான்.” காதுக்குச் சரியாக இருக்கிறது, ஆகவே இன்ஸ்டெட். “செருப்புப் போடுவதற்குப் பதிலா நடந்தான்.” கேட்கவே விசித்திரமாக இருக்கிறது, ஆகவே விதவுட். ஆங்கில விதியை நினைவில் வைக்கவே வேண்டாம், உங்கள் தாய்மொழிக் காதே தீர்ப்புச் சொல்லிவிடும்.

இரண்டுக்கும் இடம் கொடுக்கும் வாக்கியங்களும் உண்டு. “சாப்பிடாமல் தூங்கிவிட்டாள்.” வேலை முடிந்து வந்து பசியோடு அப்படியே படுத்துவிட்டாள் என்றால் “ஷீ ஸ்லெப்ட் விதவுட் ஈட்டிங்.” அரைமணி நேர உணவு இடைவேளையில் சாப்பிட வேண்டியவள் அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள் என்றால் “ஷீ ஸ்லெப்ட் இன்ஸ்டெட் ஆஃப் ஈட்டிங்.” எதைச் சொல்ல வருகிறோம் என்று முதலில் நமக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தமிழ் அந்த முடிவைக் கேட்பவரிடம் விட்டுவைக்கிறது, ஆங்கிலம் பேசுபவரிடமே கேட்கிறது.

ஆமல் செய்யும் இன்னொரு வேலை, உள்ளே ஒரு ‘இல்லை’யை வைத்திருப்பது. அந்த இல்லையையும் சிலர் ஆங்கிலத்துக்குத் தூக்கிவந்து “இன்ஸ்டெட் ஆஃப் நாட் டேக்கிங் தி பஸ், ஐ வாக்ட்” என்று எழுதுகிறார்கள். இன்ஸ்டெட் ஆஃப் என்பதிலேயே இல்லை இருக்கிறது. இன்னொரு நாட் சேர்ந்தால் ‘பஸ்ஸில் ஏறாமல் இருப்பதற்குப் பதில்’ என்று பொருள் புரண்டுவிடும்.

படி 6: பக்கத்து வீட்டுச் சொற்கள்

இன்ஸ்டெட்டோடு குழம்பும் சொற்கள் சில உண்டு. எல்லாவற்றுக்கும் சம நேரம் தேவையில்லை, ஆனால் முதலாவதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

வங்கியிலோ ரேஷன் கடையிலோ அப்பா வர முடியாமல் மகள் வருகிறாள். “அப்பாவுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்.” இதில் இரண்டு பொருள் உண்டு. அப்பா வரவில்லை, நான் வந்தேன் என்பது ஒன்று: “ஐ கேம் இன்ஸ்டெட் ஆஃப் மை ஃபாதர்.” அப்பா சார்பில், அவருடைய வேலையை முடிக்க வந்தேன் என்பது இன்னொன்று: “ஐ ஹேவ் கம் ஆன் பிஹாஃப் ஆஃப் மை ஃபாதர்.” முதலாவதில் அப்பாவின் இடம் கைமாறிவிட்டது. இரண்டாவதில் உரிமை அப்பாவிடமே இருக்கிறது, மகள் அவருடைய குரலாக மட்டும் வருகிறாள். கடிதத்தில் கையெழுத்துக்கு மேல் எழுதும்போது பெரும்பாலும் இரண்டாவதுதான் வேண்டும். நம்முடைய ‘சார்பில்’ என்ற சொல்லை நினைத்தால் ஆன் பிஹாஃப் ஆஃப் தானாக வரும்.

ராதர் தேன் விருப்பத்தைக் காட்டும். “ஐ வுட் வாக் ராதர் தேன் வெயிட்.” காத்திருப்பதைவிட நடப்பேன். பார்த்தீர்களா, இங்கே வெயிட்டுக்கு இங் வரவில்லை. நம்முடைய ‘விட’ வரும் இடம் இது.

ஆல்டர்நேட்டிவ்லி என்றால் இரண்டு வழியும் திறந்திருக்கிறது, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். இன்ஸ்டெட் என்றால் ஒரு கதவு சாத்தியாகிவிட்டது. வாடிக்கையாளருக்கு இரண்டு தேதி கொடுக்கும்போது இன்ஸ்டெட் போட்டால் முதல் தேதி ரத்து என்று எடுத்துக்கொள்வார்.

அப்புறம் ரீப்ளேஸ், சப்ஸ்டிட்யூட் என்ற இரட்டையர். இவர்களும் மணலி மாதவரம் போலத் திசை மாறுபவர்கள். “ரீப்ளேஸ் டீ வித் காபி” என்றால் டீ போய்க் காபி வருகிறது. “சப்ஸ்டிட்யூட் காபி ஃபார் டீ” என்றாலும் டீ போய்க் காபிதான் வருகிறது, ஆனால் காபி முதலில் நிற்கிறது. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் தம்பிகளுக்கு இதை நான் விளக்கவே தேவையிருந்ததில்லை. சப்ஸ்டிட்யூட் என்பவன் வெளியிலிருந்து உள்ளே வருபவன். அவன் பெயர் முதலில் வரும்.

வேலை நியமனக் கடிதங்களில் ‘இன் லியூ ஆஃப்’ என்று பார்த்திருப்பீர்கள். லியூ என்பது பிரெஞ்சு மொழியில் இடம். ஆக இதுவும் இன்ஸ்டெட் ஆஃப்தான், கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. “ஒன் மன்த்ஸ் நோட்டீஸ் ஆர் சேலரி இன் லியூ ஆஃப் நோட்டீஸ்” என்றால், ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், அல்லது அப்படிச் சொல்வதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இந்த வரியைக் கண்டிப்பாகப் படியுங்கள். அரசு மாறுதல் ஆணைகளில் ஒருவர் பெயருக்கு முன் ‘வைஸ்’ என்று இருந்தால் அதுவும் ‘அவர் இருந்த இடத்தில்’ என்றுதான் பொருள், அது லத்தீன். எத்தனை மொழி சுற்றினாலும் இடம் என்ற ஒரே கருத்துதான்.

படி 7: வாய்க்குப் பழக்கம்

அழுத்தம் இரண்டாவது அசையில்: இன்-ஸ்டெட். ‘ஸ்டெட்’ என்பது ‘பிரெட்’ போலவே ஒலித்து முடியும், ‘ஸ்டீட்’ என்று நீட்டக் கூடாது. ‘இஸ்டெட்’ என்று ‘ன்’ ஒலியை விழுங்கிவிடாதீர்கள். ‘ஆஃப்’ சேரும்போது ‘இன்ஸ்டெடவ்’ என்று ஒரே மூச்சில் வரும். ஆங்கிலச் செய்தி கேட்கும்போது இந்த ஒட்டலைத்தான் காது தவற விடுகிறது.

படி 8: கையில் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அப்புறம் விடையைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் போனதை அடிக்கோடிடுங்கள், அது பாதி வேலையை முடித்துவிடும்.

தடைக்காலத்தில் கடல் மீனுக்குப் பதில் ஏரி மீன் வாங்குகிறோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அந்த நாட்களைப் பற்றிய வாக்கியம் இது. போனது கடல் மீன். “டியூரிங் தி பேன், வி பை லேக் ஃபிஷ் இன்ஸ்டெட் ஆஃப் சீ ஃபிஷ்.”

திட்டுவதற்குப் பதில் சொல்லிக் கொடுங்கள். போனது திட்டுவது, அதற்கு இங் வேண்டும். “டீச் ஹிம் இன்ஸ்டெட் ஆஃப் ஸ்கோல்டிங் ஹிம்.”

டிக்கெட் எடுக்காமல் ரயிலில் ஏறினான். பதிலா சோதனை செய்யுங்கள். டிக்கெட் எடுப்பதற்குப் பதிலா ஏறினான்? ஒட்டவில்லை. விதவுட். “ஹி காட் ஆன் தி ட்ரெயின் விதவுட் பையிங் எ டிக்கெட்.”

திருவொற்றியூரில் இறங்காமல் எண்ணூரில் இறங்கிவிட்டேன். இறங்குவதற்குப் பதிலா என்று சொன்னால் ஒட்டுகிறது. “ஐ காட் டவுன் அட் எண்ணூர் இன்ஸ்டெட் ஆஃப் திருவொற்றியூர்.” இறங்கினேன் என்ற வினை இரண்டுக்கும் பொது என்பதால் ஒருமுறை சொன்னால் போதும். காட் டவுன் என்பது நம் நாட்டு ஆங்கிலம், வெளிநாட்டவரிடம் “காட் ஆஃப்” என்று சொல்லுங்கள். அந்த ஆஃப் ஸ்விட்ச் ஆஃப், இரட்டை எழுத்து.

இன்று வேண்டாம், அதுக்குப் பதிலா நாளைக்கு வாங்க. “நாட் டுடே. ப்ளீஸ் கம் டுமாரோ இன்ஸ்டெட்.”

கடைசியாக ஒன்று, இதற்கு விடை எழுதாமல் விடுகிறேன். செவ்வாய்க்கிழமைக்குப் பதில் வியாழக்கிழமை வண்டி அனுப்பச் சொல்லி உங்கள் மேலாளர் சொல்கிறார். மெயிலை எழுதி முடித்ததும் சென்ட் அழுத்தாமல், ஆஃப்-க்குப் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே செவ்வாய் இருந்தால் அனுப்பிவிடலாம்.